அரசமைப்புச் சட்ட வழக்குகளைக் கோட்பாடுகளின் வழியே படிப்பது எப்படி?

சட்டக் கல்லூரி மாணவர்களும் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களும் அரசமைப்புச் சட்டக் கோட்பாடுகளைப் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே மனப்பாடம் செய்கிறார்கள்: கோட்பாட்டின் பெயர், அதற்கொரு வழக்கு, வழக்குக்கு ஓர் ஆண்டு. இப்படிப் படித்தவரிடம் கோட்பாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டால் விடை வந்துவிடும்; ஒரு சட்டத்தைக் கையில் கொடுத்து, இது செல்லுமா என்று கேட்டால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைப்பார். ஒவ்வொரு கோட்பாடும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு நீதிமன்றம் விடை தேடியபோது உருவானது. அந்தக் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளைக் கொண்டு அந்த வரிசையில் வழக்கைப் படிக்கும் முறையைக் கீழே விளக்குகிறேன்.

தீர்ப்பைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். எதிர்க்கப்படுவது சாதாரணச் சட்டமா, அரசமைப்புத் திருத்தமா? அதை இயற்றியது நாடாளுமன்றமா, மாநிலச் சட்டமன்றமா? அது நடைமுறைக்கு வந்த தேதி என்ன? அரசமைப்பின் எந்த உறுப்பை அது மீறியதாக மனுதாரர் சொல்கிறார்? இந்த நான்கையும் பெரும்பாலான தீர்ப்புகளின் முதல் சில பக்கங்களிலேயே எடுத்துவிடலாம். முதல் கேள்வியின் விடை பல கோட்பாடுகளை உடனே ஒதுக்கித் தள்ளிவிடும் என்பதால் அதை அலட்சியமாகக் கடந்துவிடக் கூடாது. சாதாரணச் சட்டத்தை எதிர்ப்பவர் அடிப்படைக் கட்டமைப்பு (நாடாளுமன்றம் திருத்தத்தாலும் சிதைக்க முடியாத அரசமைப்பின் அடித்தளம்) மீறப்பட்டது என்று மட்டும் சொல்லி வெல்ல முடியாது. உத்தரப் பிரதேச மதரசா கல்விச் சட்டம் பற்றிய வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: சட்டமியற்றும் அதிகாரம் இல்லை என்றோ, அடிப்படை உரிமையோ அரசமைப்பின் வேறொரு விதியோ மீறப்பட்டது என்றோ காட்டினால்தான் ஒரு சாதாரணச் சட்டம் செல்லாததாகும். தேர்வு விடைத்தாள்களில் எல்லாச் சட்டத்துக்கும், அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு பிறந்த கேசவானந்த பாரதி வழக்கை இழுத்துவரும் பழக்கத்துக்கு இந்த ஒரு வரி நல்ல மருந்து.

சட்டம் எப்போது பிறந்தது?

அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது 13-ஆம் உறுப்பு. அரசமைப்பு நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26-க்கு முன்பே இருந்த சட்டங்களுக்கு 13(1) உறுப்பும், பின்னர் வந்தவற்றுக்கு 13(2) உறுப்பும் பொருந்தும். முந்தைய சட்டம் அடிப்படை உரிமைக்கு முரணானால் அது அடியோடு செத்துப்போவதில்லை என்பதே கிரகணக் கோட்பாடு. இதற்கான வழக்கு பிகாஜி நாராயண் தாக்ரஸ் எதிர் மத்தியப் பிரதேசம், 1955. தனியார் பேருந்துத் தொழிலை அரசே எடுத்துக்கொள்ள வழிவகுத்து மத்திய மாகாணங்கள், பேரார் பகுதிக்கான மோட்டார் வாகனச் சட்டத்தில் 1947-இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. 1950-இல் அரசமைப்பு வந்ததும், தொழில் செய்யும் உரிமையைத் தரும் 19(1)(g) உறுப்போடு அது மோதியது. 1951 ஜூன் 18-இல் வந்த முதல் திருத்தம், அரசு ஏகபோகமாகத் தொழில் நடத்த 19(6) உறுப்பில் இடம் கொடுத்தது. இடைப்பட்ட காலத்தில் அந்தச் சட்டம் மறைக்கப்பட்டிருந்தது என்றும், மறைப்பு விலகியதும் யாரும் மறுபடி இயற்றாமலேயே அது உயிர்பெற்றது என்றும் நீதிமன்றம் கூறியது. 1950-க்குப் பின் உரிமையை மீறி இயற்றப்பட்ட சட்டத்துக்கு இந்தச் சலுகை இல்லை என்று 1959-இல் தீப் சந்த் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். குடிமக்களுக்கு மட்டுமே உரிய உரிமையை மீறும் சட்டம் குடிமக்கள் அல்லாதவர் மீது செல்லும் என்று 1974-இல் அம்பிகா மில்ஸ் வழக்கு இதைச் சற்றே தளர்த்தியது. இன்றைய வழக்குகளில் இந்தக் கோட்பாடு அரிதாகவே தேவைப்படும். தேதியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

அதிகாரம் யாருடையது?

மாணவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். அரசமைப்பின் ஏழாவது அட்டவணை சட்டமியற்றும் பொருள்களை மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இருவரும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. அவற்றில் எந்தப் பதிவின் கீழ் சட்டம் வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே சட்டம் இரண்டு பட்டியல்களைத் தொடும்போதுதான் சிக்கல். நீதிமன்றங்களில் ‘பித் அண்ட் சப்ஸ்டன்ஸ்’ என்றே வழங்கும் சாராம்சக் கோட்பாடு அந்தச் சிக்கலுக்கான விடை.

இதன் இந்திய வேர் சென்னை மாகாணத்தில் இருக்கிறது. ராஜாஜி அமைச்சரவையின் காலத்தில், கடனில் மூழ்கிய உழவர்களின் சுமையைக் குறைக்க 1938-இல் சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. அந்தக் கடன்களில் பல, புரோநோட்டு (கடன் உறுதிச் சீட்டு) எழுதிக்கொடுத்து வாங்கியவை. புரோநோட்டு என்பதோ 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி மத்தியப் பட்டியலில் இருந்த பொருள். ஆகவே மாகாணச் சட்டமன்றம் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று கடன் கொடுத்தவர்கள் வாதிட்டனர். சுப்பிரமணியன் செட்டியார் எதிர் முத்துசாமி கவுண்டன் வழக்கில் 1940-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி மாரிஸ் குவையர் அதை ஏற்கவில்லை. ஒரு பட்டியலின் பொருளைப் பற்றிய சட்டம் இன்னொரு பட்டியலின் பொருளைத் தொடுவது தவிர்க்க முடியாதது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் எத்தனையோ சட்டங்கள் தாமாகவே வீழ்ந்துவிடும். ஆகவே சட்டத்தின் உண்மையான இயல்பு எது என்று காண வேண்டும் என்பதே அவருடைய தர்க்கம். வங்காளத்தின் வட்டிக்கடைச் சட்டம் பற்றிய பிரபுல்ல குமார் முகர்ஜி வழக்கில் 1947-இல், அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இந்தத் தர்க்கத்தை ஏற்றுக்கொண்டது. பம்பாய் மதுவிலக்குச் சட்டம் பற்றிய பல்சாரா வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றமும் அதே வழியில் சென்றது.

கையாளும் முறை இது. முதலில் சட்டத்தின் முகப்புரையையும் நோக்க உரையையும் படியுங்கள், பின்னர் அதன் முக்கியப் பிரிவுகள் நடைமுறையில் யாரிடமிருந்து எதை எடுத்து யாருக்குக் கொடுக்கின்றன என்று பாருங்கள், அதன்பின் “இந்தச் சட்டம் எதற்காக?” என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுதுங்கள். மேலே சொன்ன சட்டத்துக்கு அந்த வாக்கியம் “உழவரின் கடன் சுமையைக் குறைப்பது” என்று அமையும். அதில் புரோநோட்டு என்ற சொல்லுக்கே இடமில்லை. அந்த வாக்கியம் இயற்றியவரின் பட்டியலுக்குள் விழுந்தால், மற்றதைத் தொட்டது தற்செயல் எனத் தள்ளிவிடலாம்.

சட்டம் பொதுப்பட்டியலில் விழுந்தால் அடுத்து 254-ஆம் உறுப்பைப் பார்க்க வேண்டும். மத்தியச் சட்டத்துக்கு முரணான மாநிலச் சட்டம், முரண்படும் அளவுக்குச் செல்லாது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றிருந்தால் அந்த மாநிலத்தில் மட்டும் செல்லும். முரண் என்பது எளிதில் நிரூபிக்கக்கூடியது அல்ல என்பதற்கு மு. கருணாநிதி எதிர் இந்திய ஒன்றியம் வழக்கு, 1979, நல்ல சான்று. பொது வாழ்வில் இருப்போரின் ஊழலை விசாரிக்கத் தமிழ்நாடு 1973-இல் ஒரு தனிச் சட்டம் இயற்றி, 1977-இல் அதை நீக்கியது. ஒப்புதல் பெற்ற அந்தச் சட்டம் இந்தியத் தண்டனைச் சட்டத்தையும் ஊழல் தடுப்புச் சட்டத்தையும் மாநிலத்தில் இடம்பெயர்த்துவிட்டதால், நீக்கிய பிறகும் அவற்றின் கீழ் வழக்குத் தொடர முடியாது என்பது வாதம். இரண்டு சட்டங்களும் அருகருகே இயங்க முடியும், மாநிலச் சட்டம் படைத்தவை தனிக் குற்றங்கள், ஆகவே முரணே இல்லை என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு முடிவு செய்தது. ஒன்றுக்குக் கீழ்ப்படிந்தால் மற்றதை மீறாமல் இருக்க முடியாது என்ற நிலை இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். இல்லையென்றால் முரண் வாதத்தைக் கைவிடுவதே நல்லது.

சாராம்சம், முரண் ஆகியவற்றுக்குப் பின் அதிகாரம் பற்றிய மூன்றாவது கேள்வி, சட்டம் வேடம் போட்டிருக்கிறதா என்பது. நேரடியாகச் செய்ய அதிகாரம் இல்லாததை மறைமுகமாகச் செய்வதைக் ‘கலரபிள் லெஜிஸ்லேஷன்’ என்பார்கள். போலிச் சட்டமியற்றல் எனலாம். என் கணிப்பில், அரசமைப்பு வழக்குகளில் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படும் வாதம் இதுதான், ஏனென்றால் அரசின் உள்நோக்கத்தைக் கடிந்து நான்கு பக்கம் எழுதுவதே போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கஜபதி நாராயண் தேவ் வழக்கில் 1953-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: சட்டமன்றத்தின் நோக்கம் நல்லதா கெட்டதா என்பது பொருட்டல்ல, அதிகாரம் இருந்ததா என்பதே கேள்வி. இந்த வாதம் உண்மையிலேயே வென்ற வழக்கைத் தேடினால் 1952-ஆம் ஆண்டின் காமேஷ்வர் சிங் வழக்குக்குப் போக வேண்டும். பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டம், ஜமீன்தாருக்கு வர வேண்டிய நிலுவைக் குத்தகையை அரசே எடுத்துக்கொண்டு அதில் பாதியை மட்டும் இழப்பீடாகக் கொடுத்தது. செய்யாத நலப்பணிக்காக அவருடைய வருவாயில் ஒரு பகுதியைக் கழிக்கவும் செய்தது. இழப்பீட்டுக்கான நெறிமுறை என்ற பெயரில் வந்த அந்த இரண்டு விதிகளும் வீழ்ந்தன. சட்டத்தின் மற்ற பகுதி நின்றது.

ஜல்லிக்கட்டு வழக்கில் இந்த மூன்றும் ஒன்றுசேர்தல்

சாராம்சம், முரண், போலிச் சட்டமியற்றல் என்ற இந்த மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க விரும்புபவர் 2023 மே 18-இல் வந்த ஜல்லிக்கட்டுத் தீர்ப்பைப் படிக்கலாம். தமிழ்நாடு 2009-இல் இயற்றிய ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம், 1960-ஆம் ஆண்டின் மத்திய விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு முரணானது, எனவே 254(1) உறுப்பின்படி செல்லாது என்று 2014-இல் நாகராஜா வழக்கில் இரண்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பின் மாநிலம் வேறொரு பாதையைப் பிடித்தது. தனிச் சட்டம் இயற்றாமல், மத்தியச் சட்டத்தையே தமிழ்நாட்டுக்கு மட்டும் திருத்தி, அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது.

எதிர்த்தவர்களின் வாதங்களை நம் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். விலங்குவதையைத் தடுப்பது பொதுப்பட்டியலின் 17-ஆவது பதிவு. வதையை அனுமதிக்கும் சட்டம் அதன் கீழ் எப்படி வரும் என்பது அதிகாரக் கேள்வி. நாகராஜா தீர்ப்பைத் தோற்கடிக்கவே வேடமிட்டு வந்த சட்டம் இது என்பது போலிச் சட்ட வாதம். ஐந்து நீதிபதிகள் அமர்வு இரண்டையும் ஏற்கவில்லை. திருத்தச் சட்டத்தை அதன் விதிகளோடு சேர்த்துப் படித்தால் காளைகளுக்கு ஏற்படும் துன்பம் பெருமளவு குறைக்கப்படுகிறது, ஆகவே சாராம்சத்தில் அது 17-ஆவது பதிவுக்குள் அடங்குகிறது என்றது. ஒப்புதல் இருப்பதால் முரண் கேள்வியும் அடங்கியது. இதனுள் இன்னொரு நுட்பமும் உண்டு. சட்டமன்றம் ஒரு தீர்ப்பை “செல்லாது” என்று அறிவித்துவிட முடியாது; தீர்ப்பு எந்த நிலைமையின் மேல் நின்றதோ அந்த நிலைமையைச் சட்டத்தால் மாற்றலாம். பிருத்வி காட்டன் மில்ஸ் வழக்கிலிருந்து வரும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் படித்தால், 2014 தீர்ப்பு இருக்கும்போதே 2017 சட்டம் எப்படி நின்றது என்பது புரியவே புரியாது.

உரிமை மீறப்பட்டதா?

அதிகாரத் தடையைத் தாண்டிய சட்டம் அடுத்து அடிப்படை உரிமைகளின் முன் நிற்கும். சமத்துவத்தைத் தரும் 14-ஆம் உறுப்பென்றால் இரண்டு சோதனைகள் உண்டு. அன்வர் அலி சர்க்கார் வழக்கு, 1952, தந்த பழைய சோதனை: வகைப்படுத்தலுக்கு அறிவார்ந்த அடிப்படை உண்டா, அது சட்டத்தின் நோக்கத்தோடு பொருந்துகிறதா. தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா தொடுத்த வழக்கில் 1974-இல் சேர்ந்த புதிய சோதனை: தன்னிச்சையான செயல் சமத்துவத்துக்கே எதிரி. ராயப்பா அந்த வழக்கில் தோற்றார் என்பதையும், சோதனை மட்டும் நிலைத்துவிட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பேச்சு, தொழில் போன்ற சுதந்திரங்களைத் தரும் 19-ஆம் உறுப்பின் மீதான கட்டுப்பாடுகளுக்கு விகிதாசாரக் கோட்பாடு. இது அண்மையில் இறக்குமதியானது என்று நினைப்பவர்கள் 1952-ஆம் ஆண்டின் சென்னை மாநிலம் எதிர் வி. ஜி. ராவ் வழக்கைப் படிக்க வேண்டும். சென்னையில் இயங்கிய மக்கள் கல்விச் சங்கத்தை அரசு ஓர் ஆணையால் சட்டவிரோத அமைப்பு என்று அறிவித்தது. தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, எந்த உரிமை, எதற்காகக் கட்டுப்பாடு, தடுக்க நினைக்கும் தீமை எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரமானது, சுமத்தும் சுமை அதற்கு ஏற்ற அளவுடையதா, அன்றைய சூழல் என்ன என்று அடுக்கினார். நீதிமன்றத்தின் முறையான பரிசீலனைக்கு இடமின்றி அரசின் அகத்திருப்தியை மட்டும் நம்பிய அந்த விதி தோற்றது. 2016-இல் மாடர்ன் டென்டல் கல்லூரி வழக்குக்குப் பின் இது நான்கு படிகளாக ஒழுங்குபட்டது: நியாயமான நோக்கம், நோக்கத்துக்கும் வழிமுறைக்கும் பொருத்தம், இதைவிடக் குறைவாகப் பாதிக்கும் வேறு வழி இல்லாமை, இறுதியாகப் பலனுக்கும் பாதிப்புக்கும் இடையே சமநிலை. பெரும்பாலும் மூன்றாவது படியே வழக்கைத் தீர்மானிக்கும் என்பதால் அங்கே நேரம் செலவிடுங்கள். கட்சிகளுக்குப் பெயர் வெளியிடாமல் நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் 2024 பிப்ரவரி 15-இல் வீழ்ந்தபோது, கறுப்புப் பணத்தைத் தடுக்கத் தேர்தல் அறக்கட்டளை போன்ற வழிகள் இருக்கும்போது வாக்காளரின் அறியும் உரிமையை இந்த அளவுக்கு மறைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அரசால் தேறக்கூடிய விடை தர முடியவில்லை.

வீழ்ந்தது எவ்வளவு?

ஒரு பிரிவு செல்லாது என்று முடிவானபின், மிச்சம் நிற்குமா என்பது பிரித்தெடுப்புக் கோட்பாடு. 1950-இல் சென்னை மாநிலத்தை எதிர்த்து வந்த இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் படியுங்கள். ஏ. கே. கோபாலன் வழக்கில், காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்ற தடுப்புக்காவல் சட்டத்தின் 14-ஆவது பிரிவு மட்டும் நீக்கப்பட்டது. சட்டம் நின்றது, கோபாலன் சிறையில் இருந்தார். ரொமேஷ் தாப்பர் வழக்கிலோ, ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழைத் தடுத்த விதியை, செல்லும் பகுதி, செல்லாத பகுதி என்று பிரிக்க முடியாததால் அது முழுவதும் வீழ்ந்தது. 1957-இல் ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்கில் நீதிபதி வெங்கடராம அய்யர் வகுத்த நெறிகளைச் சுருக்கினால் இரண்டு கேள்விகள் மிஞ்சும்: செல்லாத பகுதி செல்லாது என்று முன்பே தெரிந்திருந்தால் சட்டமன்றம் மிச்சத்தை இயற்றியிருக்குமா? மிச்சத்தை நிறுத்த நீதிமன்றம் புதிய சொற்களைச் சேர்க்க வேண்டியிருக்குமா? அரசமைப்புத் திருத்தங்களுக்கும் இது பொருந்தும். கட்சித்தாவல் வழக்கில் 1992-இல் பத்தாவது அட்டவணையில் நீதிமன்றங்களின் அதிகாரத்தைத் தடுத்த 7-ஆவது பத்தி மட்டும் வெட்டப்பட்டது.

எதிர்க்கப்படுவது திருத்தமே என்றால்

அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு 1973 ஏப்ரல் 24-இல் கேசவானந்த பாரதி வழக்கில் பிறந்தது: 13 நீதிபதிகள், 7-க்கு 6. நாடாளுமன்றம் எந்த உறுப்பையும் திருத்தலாம், ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது. மடாதிபதி கேசவானந்த பாரதி எதிர்த்த 29-ஆவது திருத்தம் செல்லும் என்றே முடிவானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அடிப்படை அம்சங்களின் இறுதிப் பட்டியல் எதையும் அந்தத் தீர்ப்பு தரவில்லை. நீதிபதிகள் ஒவ்வொருவரும் தத்தம் பட்டியலைச் சொன்னார்கள். ஆகவே பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, பின்னர் வந்த வழக்குகளில் உண்மையில் எந்தத் திருத்தம் எதற்காக வீழ்ந்தது என்று பார்ப்பதே பயன்தரும். பிரதமரின் தேர்தலை நீதிமன்றத்துக்கு அப்பால் வைத்த 329A(4), இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கில், 1975-இல். திருத்த அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்ற 368(4), (5) ஆகியவை மினர்வா மில்ஸ் வழக்கில், 1980-இல். நீதிபதிகள் நியமன ஆணையத்தை அமைத்த 99-ஆவது திருத்தம், 2015-இல் 4-க்கு 1 என்ற பெரும்பான்மையில்.

கூடலூர் வழக்கு இந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்தும் முறையை நன்றாகக் காட்டும். நீலகிரி மாவட்டம் கூடலூரின் ஜன்மம் நிலங்களை (பரம்பரை நிலவுடைமை) ரயத்துவாரியாக (அரசுக்கு உழவரே நேரடியாக வரி செலுத்தும் முறை) மாற்றத் தமிழ்நாடு 1969-இல் ஒரு சட்டம் இயற்றியது. காடுகளை அரசுடைமையாக்கும் பகுதி வேளாண் சீர்திருத்தம் ஆகாது என்று 1972-இல் பால்மடீஸ் தோட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. 1974-இல் 34-ஆவது திருத்தம் முழுச் சட்டத்தையும் ஒன்பதாவது அட்டவணையில் வைத்தது. அந்த அட்டவணைக்குள் போன சட்டத்தை 31B உறுப்பு அடிப்படை உரிமை வாதங்களிலிருந்து காக்கும். நீதிமன்றம் நீக்கியதை இப்படித் திரும்பக் கொண்டுவர முடியுமா என்பதே ஐ. ஆர். கோயல்ஹோ எதிர் தமிழ்நாடு வழக்கில் எழுந்த கேள்வி. 2007 ஜனவரி 11-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தந்த விடை: 1973 ஏப்ரல் 24-க்குப் பின் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை சோதனைக்கு உட்பட்டவை. முதலில் அடிப்படை உரிமை மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீறப்பட்டிருந்தால், அந்த மீறலின் விளைவு அடிப்படைக் கட்டமைப்பைத் தகர்க்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு படிகளையும் ஒன்றாகக் குழைத்துவிடாதீர்கள்.

தீர்ப்பு இன்றும் உயிரோடு இருக்கிறதா?

அமர்வின் எண்ணிக்கையை எப்போதும் குறித்துக்கொள்ளுங்கள். 1967-இல் கோலக்நாத் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு சொன்னதைக் கேசவானந்த பாரதி வழக்கின் 13 பேர் அமர்வு மாற்றியது. அதே கோலக்நாத் வழக்கில் தலைமை நீதிபதி சுப்பா ராவ் இன்னொன்றையும் செய்தார்: அடிப்படை உரிமையைத் திருத்த முடியாது என்ற விடை அன்று முதலே செல்லும், அதுவரை நடந்த திருத்தங்கள் நிற்கும் என்று முன்னோக்கிய விளைவை மட்டும் தந்தார். எனவே தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் எந்தத் தேதியிலிருந்து என்பதைத் தேடிப் பார்க்க வேண்டும். 1992-இல் மண்டல் வழக்கில் பதவி உயர்வில் இட ஒதுக்கீடு கூடாது என்ற ஒன்பது நீதிபதிகள் அமர்வு, நடப்பில் இருந்ததை ஐந்தாண்டுகள் தொடர விட்டது. அந்த ஐந்தாண்டு முடிவதற்குள், 1995-இல், 77-ஆவது திருத்தம் 16(4A) உறுப்பைச் சேர்த்து, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதை மீட்டுக் கொடுத்தது, 2006-இல் எம். நாகராஜ் வழக்கில் அந்தத் திருத்தமும் அடிப்படைக் கட்டமைப்புச் சோதனைக்கு வந்து, நிபந்தனைகளோடு நின்றது. ஆகவே எந்தத் தீர்ப்பைக் குறிப்பெடுத்தாலும், அதன் தேதிக்குப் பின் அந்த உறுப்பு திருத்தப்பட்டதா என்று அரசமைப்பின் இன்றைய பதிப்பில் அடிக்குறிப்பைப் பார்த்துவிட்டே குறிப்பேட்டை மூடுங்கள்.